தனிம அட்டவணையைக் குடும்பம் குடும்பமாகப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பதினோராம் வகுப்பில் ஒரு நாள் எங்கள் வேதியியல் ஆசிரியர், மண்ணெண்ணெய்க்குள் கிடந்த சாம்பல் நிறக் கட்டி ஒன்றை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, சாதாரணக் கத்தியால் நறுக்கினார். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் வெள்ளி போலப் பளபளத்தது. பின்வரிசைப் பையன்கள் எட்டிப் பார்த்து முடிப்பதற்குள் மங்கிவிட்டது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டே தண்ணீர்மேல் அங்குமிங்கும் ஓடிக் கரைந்து போனது.

"இது சோடியம். இதே அளவு பொட்டாசியத்தைப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சுவரில் தொங்கிய அட்டவணையைக் காட்டினார். "சோடியத்துக்கு நேர் கீழே யார் இருக்கிறார் என்று பாருங்கள்."

நேர் கீழே பொட்டாசியம். அதே குணம், இன்னும் வேகமாக. அட்டவணையைப் படிக்கும் முறை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். 118 தனிமங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தில் இரண்டு பேரை நன்றாகத் தெரிந்துகொண்டால், மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பெரும்பாலும் நாமே சொல்லிவிடலாம். அதைப் படிப்படியாகப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வெற்று அட்டவணையை வரையுங்கள்

அச்சடித்த அட்டவணையைப் பார்ப்பதற்கும் கையால் வரைவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. 18 நெடுவரிசை, 7 கிடைவரிசை போடுங்கள். நெடுவரிசைக்குத் தொகுதி என்று பெயர், கிடைவரிசைக்குத் தொடர். ஒரே தொகுதியில் மேலும் கீழுமாக இருப்பவர்கள்தான் ஒரு குடும்பம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் அண்டை வீட்டார் மாதிரி. சில குணங்கள் படிப்படியாக மாறிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இப்படி அடுக்கலாம் என்று மனிதர்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. 1829ல் ஜெர்மனியின் டோபரெய்னர் லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். லித்தியத்தின் அணு நிறை 7, பொட்டாசியத்துக்கு 39. இரண்டின் சராசரி 23. நடுவில் உள்ள சோடியத்தின் அணு நிறையும் சரியாக 23. அந்த மூவருக்குள் ஏதோ ரத்த உறவு இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

1869ல் ரஷ்யாவின் மெண்டலீவ், அப்போது தெரிந்திருந்த 63 தனிமங்களை அணு நிறைப்படி அடுக்கினார். குணம் பொருந்தாத இடத்தில் யாரையும் வலிந்து திணிக்காமல் காலியாக விட்டார். இங்கே ஒரு தனிமம் இருக்க வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்தக் காலி இடங்களுக்கு ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான் என்று பெயரும் வைத்தார். அந்த 'ஏக' நமக்குத் தெரிந்த அதே வடசொல்தான். ஒன்று என்று பொருள். அலுமினியத்துக்கு ஒரு படி கீழே இருப்பது ஏக-அலுமினியம்.

அணு நிறைப்படி அடுக்கியதில் ஒரு சிக்கல் இருந்தது. டெல்லூரியம் அயோடினைவிட நிறை கூடியது. ஆனால் குணப்படி அயோடினுக்கு முன்னால்தான் வர வேண்டும். மெண்டலீவ் குணத்தை நம்பி இடம் மாற்றி வைத்தார். 1913ல் இங்கிலாந்தின் மோஸ்லி, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்தான், அதாவது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான், உண்மையான வரிசை எண் என்று காட்டியபோது, மெண்டலீவ் செய்தது சரி என்று ஆனது. மோஸ்லி 1915ல், 27 வயதில், முதல் உலகப் போரின் கல்லிப்போலிச் சண்டையில் இறந்துபோனார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனத்துப் போகும்.

படி 2: கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணுங்கள்

அணுவின் நடுவில் கரு, அதைச் சுற்றி அடுக்கடுக்கான கூடுகளில் எலக்ட்ரான்கள். சோடியத்துக்கு 11 எலக்ட்ரான், உள்கூட்டிலிருந்து வரிசையாக: 2, 8, 1. பொட்டாசியத்துக்கு 19: 2, 8, 8, 1. இரண்டிலும் கடைசிக் கூட்டில் ஒன்றே ஒன்று. குடும்ப ஒற்றுமைக்குக் காரணம் அதுதான். மற்ற அணுக்களோடு உறவாடுவது வெளிக்கூடு மட்டும்தான். உள்ளே இருப்பவை பெரும்பாலும் தலையிடுவதில்லை.

உங்கள் வெற்று அட்டவணையில் தொகுதி 1க்கு மேல் 1 என்றும், தொகுதி 2க்கு மேல் 2 என்றும் எழுதுங்கள். 13 முதல் 18 வரை உள்ளவற்றுக்குப் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்: 3, 4, 5, 6, 7, 8. ஹீலியம் மட்டும் 18ஆம் தொகுதியில் இருந்தாலும் இரண்டு எலக்ட்ரான்தான். அதன் ஒரே கூடு அதிலேயே நிறைந்துவிடும்.

அப்புறம் இரண்டு அம்புக்குறிகள். கீழ்நோக்கி ஓர் அம்பு: ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு கூடு கூடுகிறது, அணு பெரிதாகிறது, வெளி எலக்ட்ரான் கருவை விட்டுத் தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது. வலது பக்கம் இன்னோர் அம்பு: கூடு அதேதான், கருவின் இழுப்பு கூடுகிறது, அணு சுருங்குகிறது. இனி வரும் எல்லாக் குடும்பங்களையும் இந்த இரண்டு அம்புகளை வைத்துத்தான் படிக்கப் போகிறோம்.

படி 3: கார உலோகங்களோடு தொடங்குங்கள்

தொகுதி 1: லித்தியம், சோடியம், பொட்டாசியம், ரூபிடியம், சீசியம், பிரான்சியம். ஒற்றை எலக்ட்ரானை எப்போது விடலாம் என்று காத்திருப்பவர்கள். அதை உருவி எடுக்கத் தேவையான ஆற்றலை, அதாவது அயனியாக்கும் ஆற்றலை, மேலிருந்து கீழாக எழுதிப் பாருங்கள்: மோலுக்கு லித்தியம் 520 கிலோஜூல், சோடியம் 496, பொட்டாசியம் 419, ரூபிடியம் 403, சீசியம் 376. இறங்க இறங்கக் குறைகிறது. அதனால்தான் லித்தியம் தண்ணீரில் நிதானமாகக் குமிழிடும், சோடியம் சீறும், பொட்டாசியம் ஊதா நிறச் சுடரோடு பற்றிக்கொள்ளும், சீசியம் பட்டவுடன் வெடிக்கும். இவற்றை வீட்டில் முயலக் கூடாது. ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டினால் மட்டும் பாருங்கள்.

உருகுநிலையும் இதே திசையில்தான் இறங்குகிறது. லித்தியம் 180 டிகிரி செல்சியஸ், சோடியம் 98, பொட்டாசியம் 63, ரூபிடியம் 39, சீசியம் 28. மே மாதத்து வேலூரில் சீசியம் திடமாக இருக்காது.

இந்தக் குடும்பத்தை அடுக்களையிலேயே பார்க்கலாம். கேஸ் அடுப்பில் பருப்புத் தண்ணீர் பொங்கி வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும் இல்லையா? உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. லித்தியத்துக்குச் சிவப்பு, பொட்டாசியத்துக்கு வெளிர் ஊதா. 1860, 1861ல் புன்சனும் கிர்ச்சாஃபும் சீசியத்தையும் ரூபிடியத்தையும் கண்டுபிடித்ததே இப்படி நிறக்கோடுகளைப் பார்த்துத்தான்.

ஹைட்ரஜனை இந்தத் தொகுதியின் தலையில் வைத்திருப்பார்கள். ஒரே ஓர் எலக்ட்ரான் இருப்பதால் அந்த இடம். ஆனால் அது வாயு, அலோகம். இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அதைத் தனியாகப் படிப்பதே நல்லது.

படி 4: பக்கத்து வீடு, காரமண் உலோகங்கள்

பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான். இரண்டையும் விட வேண்டும் என்பதால் கார உலோகங்களைவிடக் கொஞ்சம் அடக்கமானவை. பெரிலியம் தண்ணீரைச் சட்டை செய்யாது. மெக்னீசியத்துக்குச் சூடான தண்ணீர் வேண்டும். கால்சியம் குளிர்ந்த தண்ணீரிலேயே குமிழிடும். அதே கீழ்நோக்கிய அம்பு.

கால்சியத்தை நாம் சுண்ணாம்பாகத் தலைமுறை தலைமுறையாக அறிவோம். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூக்கும். அது நீற்றிய சுண்ணாம்பு. சுவரில் அடித்ததும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாகிறது. போர்வெல் தண்ணீர் பிடித்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்புக்கறையும் கால்சியம், மெக்னீசியம் வேலைதான்.

வாணவேடிக்கையில் சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம். பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்க 2018ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதைச் சிவகாசிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பேரியத்தின் கரையும் உப்புகள் விஷம். ஆனால் பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையவே கரையாது. அதனால் வயிற்றை எக்ஸ் ரே எடுக்கும்முன் நோயாளிக்குக் குடிக்கவே கொடுக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் சல்பேட்டுகளின் கரைதிறன் கீழே போகப் போகக் குறையும் என்ற விதியை மறக்காமல் இருக்க இந்த ஒரு உதாரணம் போதும்.

படி 5: எதிர்முனைக்குப் போங்கள், ஹாலஜன்கள்

இப்போது 17ஆம் தொகுதிக்குத் தாவுங்கள். ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின், அப்புறம் அஸ்டட்டின், டென்னஸ்ஸீன். வெளிக்கூட்டில் ஏழு, இன்னும் ஒன்று கிடைத்தால் எட்டு நிறையும். கார உலோகங்கள் கொடுக்கத் துடிப்பவை என்றால் இவை வாங்கத் துடிப்பவை. சோடியத்திடமிருந்து குளோரின் ஒரு எலக்ட்ரானை வாங்கியதும் கிடைப்பது, நாம் தினமும் சோற்றில் போடுகிற உப்பு.

எலக்ட்ரானை இழுக்க வேண்டுமானால் கரு பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே இங்கே மேலே இருப்பவருக்குத்தான் வேகம். தொகுதி 1ல் கீழே போகப் போக வீரியம் கூடியது. தொகுதி 17ல் குறைகிறது. மாணவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. ஒரு தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கொடுப்பவர்களுக்குக் கீழ்நோக்கி அம்பும் வாங்குபவர்களுக்கு மேல்நோக்கி அம்பும் போட்டுவிடுங்கள். ஒருமுறை கையால் போட்டால் மறக்காது.

சோதித்துப் பார்க்க ஆய்வகத்தில் எளிய வழி உண்டு. பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் நீரை விட்டால் கரைசல் ஆரஞ்சு நிறமாகும். புரோமின் வெளியே தள்ளப்பட்டுவிட்டது. பொட்டாசியம் குளோரைடில் புரோமின் நீரை விட்டால் எதுவும் நடக்காது. மேலிருப்பவர் கீழிருப்பவரை விரட்டுவார், கீழிருப்பவர் மேலிருப்பவரை அசைக்க முடியாது.

நிலையும் நிறமும் படிப்படியாக மாறுவதை இந்தக் குடும்பத்தில் பார்ப்பது போல வேறெங்கும் பார்க்க முடியாது. ஃப்ளூரின் வெளிர்மஞ்சள் வாயு. குளோரின் பச்சை கலந்த மஞ்சள் வாயு. புரோமின் செம்பழுப்புத் திரவம். அயோடின் கருநீலம் மின்னும் திடப்பொருள், சூடாக்கினால் ஊதா நிற ஆவி. கொதிநிலை முறையே -188, -34, 59, 184 டிகிரி. மூலக்கூறு பெரிதாக ஆக, ஒன்றையொன்று ஒட்டிப்பிடிக்கும் விசை கூடுகிறது என்பதுதான் காரணம். குளோரினை மேல்நிலைத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் நெடியில் அறிவோம். டிங்சர் அயோடினில் ஒரு சொட்டைச் சோற்றுப் பருக்கைமேல் விட்டுப் பாருங்கள்; ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீலமாகும்.

ஒரு விதிவிலக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் நாட்டம், அதாவது எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல், ஃப்ளூரினைவிடக் குளோரினுக்கே அதிகம்: 328க்கு எதிராக 349 கிலோஜூல். ஃப்ளூரின் அணு மிகச் சிறியது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் நெருக்கடி புதிதாக வருபவரைக் கொஞ்சம் தள்ளுகிறது. குடும்பத்தின் முதல் பிள்ளை இப்படிச் சற்று வேறுபட்டு நிற்பது எல்லாத் தொகுதியிலும் உண்டு.

படி 6: யாரோடும் சேராத மந்த வாயுக்கள்

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். வெளிக்கூடு நிறைந்தவை. கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினர் முதலில் கண்ணில் பட்டது நம் பக்கத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்த ஜான்சன், அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூரில் கருவிகளோடு முகாமிட்டிருந்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழுந்த தீக்கொழுந்துகளின் நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில், ஆனால் அதே இடத்தில் இல்லை. இங்கிலாந்தில் லாக்யர் அந்தக் கோட்டை ஆராய்ந்து, இது பூமியில் தெரியாத தனிமம் என்று சொல்லி, சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து ஹீலியம் என்றார். பூமியில் அதைப் பிரிட்டிஷ் வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுத்தது 1895ல்.

ஆர்கான் கிடைத்த விதம் இன்னும் அழகு. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். தசமத்தில் மூன்றாவது இடத்தில் இருந்த இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே விடவில்லை. 1894ல் அவரும் ராம்சேயும் காற்றில் ஒளிந்திருந்த ஆர்கானைப் பிடித்தார்கள். நாம் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய 0.93 சதவீதம் அதுதான். கிரேக்கத்தில் ஆர்கான் என்றால் சோம்பேறி.

1962ல் வேதியியலாளர் பார்ட்லெட் செனானைச் சேர்மமாக்கிக் காட்டினார். எந்தச் சேர்மமும் உருவாகாது என்று பாடம் நடத்திய காலம் அதோடு முடிந்தது. ஏன் செனான்? கீழே இருப்பதால், வெளி எலக்ட்ரான்மேல் பிடி தளர்ந்திருப்பதால். படி 2ன் அம்பு இங்கும் செல்லும்.

படி 7: நடுவிலுள்ள நான்கு குடும்பங்கள்

13 முதல் 16 வரை உள்ள தொகுதிகளில் ஒரே குடும்பத்துக்குள் அலோகம், உலோகப்போலி (இரண்டுக்கும் நடுவிலான குணம் உடையது), உலோகம் மூன்றும் இருப்பதால் குழப்பம் வரும். போரானிலிருந்து அஸ்டட்டின் வரை படிக்கட்டு போல ஒரு கோடு போடுங்கள். கோட்டை ஒட்டியிருக்கும் சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், டெல்லூரியம் போன்றவை உலோகப்போலிகள்; இடது கீழ்ப்பக்கம் உலோகங்கள், வலது மேல்பக்கம் அலோகங்கள்.

கார்பன் குடும்பத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். கார்பன் அலோகம், சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகப்போலிகள், வெள்ளீயமும் காரீயமும் உலோகங்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஈயச் சொம்பு ஒன்று இருக்கிறது. ரசம் வைக்க மட்டும்தான் எடுப்போம். அது வெள்ளீயம். அதைக் காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி. ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ரசம் வற்றினால் அடி ஒழுகிவிடும். காரீயம் அதே குடும்பத்தின் அடுத்த படி, பார்க்கவும் ஏறக்குறைய அதே மாதிரி, ஆனால் மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும் நஞ்சு. பேச்சில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். சொம்பு வாங்கும்போது காரீயம் கலக்காததுதானா என்று உறுதி செய்துகொள்வது முக்கியம்.

வேதிக் குணத்திலும் இவர்கள் வேறுபடுகிறார்கள். கார்பனும் சிலிக்கானும் நான்கு எலக்ட்ரான்களையும் பயன்படுத்தும். வெள்ளீயம் இரண்டும் காட்டும், நான்கும் காட்டும். காரீயம் பெரும்பாலும் இரண்டோடு நின்றுவிடும். கனமான தனிமங்களில் ஒரு ஜோடி எலக்ட்ரான் உள்ளேயே தங்கிவிடுவதை மந்த இணை விளைவு என்பார்கள். 13ல் தாலியத்துக்கும் 15ல் பிஸ்மத்துக்கும் அதே கதைதான்.

மற்ற மூன்றும் சுருக்கமாக. 13ல் அலுமினியம் நமக்குத் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் காலியம் 29.8 டிகிரியில் உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும். 15ல் நைட்ரஜன் காற்றில் 78 சதவீதம். பாஸ்பரஸின் சிவப்பு வடிவம் தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிறது. 16ல் ஆக்சிஜன், கந்தகம், செலினியம், டெல்லூரியம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க, கந்தகத்தின் ஹைட்ரைடு -60 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹைட்ரஜன் பிணைப்பு என்ற பசை ஆக்சிஜனுக்கு மட்டும் பலமாக இருப்பதால் வந்த வித்தியாசம். முதல் பிள்ளை வேறுபட்டு நிற்பான் என்றோமே, அதற்கு இன்னொரு சாட்சி.

படி 8: இடைநிலைத் தனிமங்கள்

3 முதல் 12 வரை. இங்கே புது எலக்ட்ரான் உள்கூட்டில் சேர்வதால், பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களும் ஒன்று போலவே இருக்கும். இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் காந்தத்தோடு ஒட்டுவதைப் பாருங்கள். மூன்று அடையாளங்களை நினைவில் வைத்தால் போதும்: பல இணைதிறன் (அதாவது பிணைப்பில் ஈடுபடுத்தும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறுவது), நிறமுள்ள உப்புகள், வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகும் திறமை. மயில்துத்தத்தின் நீலம் தாமிரம். பெர்மாங்கனேட்டின் ஊதா மாங்கனீசு. அம்மோனியா தயாரிப்பில் இரும்பும் கந்தக அமிலத் தயாரிப்பில் வனேடியம் பென்டாக்சைடும் வினையூக்கிகள்.

உலோகங்களின் உருகுநிலையில் இரண்டு எல்லைகளும் இங்கேயே இருக்கின்றன. குண்டு பல்பின் டங்ஸ்டன் 3422 டிகிரி, பாதரசம் -39. பாதரசம், துத்தநாகம், காட்மியம் மூன்றின் உள்கூடும் நிறைந்துவிட்டதால், கறாரான வரையறைப்படி அவை இடைநிலைத் தனிமங்கள் ஆகா.

படி 9: அடியில் தொங்கும் இரண்டு வரிசைகள்

லாந்தனைடுகள் 57 முதல் 71 வரை, ஆக்டினைடுகள் 89 முதல் 103 வரை. இடம் போதாததால் கீழே தனியாகப் போட்டிருக்கிறார்கள். லாந்தனைடுகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருப்பதால் பிரிப்பது பெரும்பாடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கூடவே ஆக்டினைடான தோரியமும். திருவிழாக் கடைகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை மேன்டில், தோரியம் ஆக்சைடில் துளி சீரியம் ஆக்சைடு கலந்தது. இரு வரிசையின் தனிமங்களும் ஒரே வலைத்துண்டில் ஒளிவிட்டன. ஆக்டினைடுகள் அனைத்தும் கதிரியக்கம் உடையவை. அவற்றைத் தனி வரிசையாக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க்.

படி 10: நீங்களே ஒரு தனிமத்தைக் கணியுங்கள்

இப்போது உங்கள் அட்டவணையில் ஜெர்மானியம் இருக்கும் கட்டத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள். மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம், இடப்பக்கம் காலியம், வலப்பக்கம் ஆர்சனிக். நான்கின் அணு நிறைகள் 28.1, 118.7, 69.7, 74.9. கூட்டி நான்கால் வகுத்தால் 72.85. அடர்த்திகள் 2.33, 7.29, 5.91, 5.73, சராசரி 5.32.

விரலை எடுங்கள். ஜெர்மானியத்தின் அணு நிறை 72.63, அடர்த்தி 5.32. மெண்டலீவ் ஏக-சிலிக்கானுக்குச் சொன்னது 72, 5.5, அதன் குளோரைடு 100 டிகிரிக்குக் கீழே கொதிக்கும் என்றும் எழுதினார். 1886ல் விங்க்ளர் அதைக் கண்டுபிடித்தபோது குளோரைடின் கொதிநிலை 86 டிகிரி. காலியம் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். 1875ல் அதைக் கண்டுபிடித்த புவாபோத்ரான் அடர்த்தி 4.7 என்று அறிவிக்க, காலியத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், 5.9க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மறுபடி சுத்தம் செய்து அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்து பார்த்தார். 5.9.

அடுத்ததாகச் செலினியத்தை மூடுங்கள். மேலே கந்தகம் 32.1, கீழே டெல்லூரியம் 127.6, இடப்பக்கம் ஆர்சனிக் 74.9, வலப்பக்கம் புரோமின் 79.9. கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் விரலை எடுத்துப் பாருங்கள்.